நான்கு ஸ்பூன் துவர்ப்பு

அந்தக் கட்டிடத்துக்கு ஒன்பது மாடி. மூன்றாவது மாடியில் படிகள் திரும்புகிற இடத்தில், ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த சின்ன அறை ஒன்று உண்டு. இப்போது அதற்குள் ஒரு சிங்க், இரண்டு குளிர்பெட்டி, சாறு பிழியும் இயந்திரம், தராசு, ஒரு நாற்காலி. கதவில் முகம் தெரியும் அளவுக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியாகப் பார்த்தால் மனிதர்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஏற மாட்டார்கள். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் மதியம் வரைக்கும் அதே ஆள், அதே சட்டை, கைப்பிடியில் அதே கை. இறங்கிப் போவார், கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலிருந்து இறங்கி வருவார். லிஃப்ட் கட்டிடத்தின் மறுகோடியில் இருந்ததால் அவர் எப்போது மேலே போனார் என்பதற்குச் சாட்சியே கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தால் உலகம் முழுக்க ஒரே பக்கமாக, அவசரமில்லாமல், வழிந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும். அது ஒன்றும் மோசமான உணர்வு இல்லை. கண் லேசாகச் சொருகும்; கை தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

அந்த அறைக்குள் இருந்தவரைக் கலவையக்கா என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தெட்டு வயது. உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய், கணவர் போடும் டீ நன்றாக இருக்கிறது என்பது. அதையும் முதல் வருடத்தோடு நிறுத்திவிட்டார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, நாள்தோறும் ஆறு லிட்டர் பொய் தயாரிப்பது.

விஷயம் இதுதான். ஒன்பதாவது மாடியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. தசைகளைப் பற்றி ஆராய்ந்து அந்தப் பட்டத்தை வாங்கியவர். உடம்பை வருத்தி உழைக்கும்போது தசைக்குள் சில முரட்டு மூலக்கூறுகள் கிளம்புகின்றன, மாதுளை மாதிரிப் பழங்களில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் அவற்றைத் தட்டி உட்கார வைக்கும், அதனால் வலி குறைந்து தசை சீக்கிரம் தேறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நம்பிக்கை என்றுதான் டாக்டரம்மா சொல்வார். முழுக்க அடக்கிவிட்டால் அதுவும் ஆபத்து, அந்த முரட்டுத்தனத்திலிருந்துதான் தசை பலம் பெறக் கற்றுக்கொள்கிறது என்றும் அதே மூச்சில் சொல்வார். இரண்டையும் ஒரே ஆள் சொன்னால் கேட்பவர்களுக்குக் குழப்பம். அவருக்கு இல்லை.

நம்பிக்கையை அளந்து பார்க்க அவர் கண்டுபிடித்த வழி, ஆட்களை லிஃப்டில் மேலே ஏற்றிப் படி வழியாக இறக்குவது. பதினைந்து தடவை. ஏறுவதுதான் கஷ்டம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தொடைத் தசைக்கு இறங்குவதுதான் தண்டனை. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் லேசாக ஏதோ முனகும். இரண்டாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னால் மனிதர் பரிதாபமாகப் பார்ப்பார். அந்த வலியை எப்படி அளக்கிறார்கள் என்று அக்கா முதலில் கேட்டபோது, ஒரு காகிதத்தில் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டு, இந்தக் கோடியில் வலியே இல்லை, அந்தக் கோடியில் தாங்கவே முடியாது, உன் வலி எங்கே என்று புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு ஸ்கேல் வைத்து அளப்போம் என்றார்கள். அக்கா அன்று மாலை வீட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவரிடம் இதைச் சொன்னார். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் இடுப்பு ஏழரை சென்டிமீட்டர் வலிப்பதாகச் சொன்னார்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு மாதுளைச் சாறு. மீதிப் பேருக்கு மாதுளை மாதிரியே நிறமும் வாசனையும் ருசியும் உள்ள, ஆனால் மாதுளை துளியும் இல்லாத ஒன்று. காகிதங்களில் அதற்கு ஒப்பீட்டுப் பானம் என்று பெயர். படிக்கட்டில் அதன் பெயர் டூப். யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது குடிப்பவருக்குத் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. பாட்டிலில் வெறும் எண்தான். ஒட்டி மூடிய ஒரு உறையும் கலவையக்காவும் மட்டுமே விவரம் அறிந்தவர்கள். ஆக ஒன்பது மாடிக் கட்டிடத்தில் உண்மை தெரிந்த ஒரே மனுஷி, பொய்யைக் கலக்கிக்கொண்டிருந்தவர்.

அக்காவை எடுத்ததற்குக் காரணம் அவர் நாக்கு. அதற்கு முன் பதினோரு வருடம் இருமல் மருந்துக் கம்பெனியில் இருந்தார். குழந்தைகள் துப்பாமல் விழுங்கும்படி கசப்பை ஆரஞ்சாக்குவது அங்கே அவர் வேலை. வாயில் ஒரு சொட்டு விட்டால் போதும், அதில் என்னென்ன எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். பெருமையாகச் சொல்ல மாட்டார். மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கவலைப்படுகிற மாதிரி சொல்வார். அப்படிப்பட்ட நாக்குக்காரர் வாழ்க்கைப்பட்டது, எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிற ஒரு நல்ல மனிதருக்கு. ருசி பார்க்கத் தெரியாதவரோடு குடும்பம் நடத்துவது நாக்குக்கு ஓய்வு என்பார் அக்கா.

முதலில் பத்துப் பேரை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அதில் ஒருவர் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிறவர். பீரோக்காரர் என்று பெயர் வைத்தாயிற்று. அவர் எட்டாவது தடவை இறங்கும்போது மூச்சு வாங்க அக்காவின் கதவில் சாய்ந்துகொண்டு, அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய விஷயத்தை அவராகவே சொன்னார்.

“அக்கா, எனக்குக் கொடுக்கிறது டூப்புதானே?”

தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல அக்கா தராசைத் துடைத்தார்.

“அசல் பழம்னா நாக்கைப் பிடிச்சு உள்ள இழுக்கும். இது வழுக்கிட்டுப் போவுது. பீரோ தூக்குறவன்தான், அதுக்காக நாக்குமா மரத்துப் போச்சு?”

அவர் மட்டுமல்ல, பத்தில் எட்டுப் பேர் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். டூப் குடிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் ஆளுக்கு வலி கூடிவிடும். மனசு புள்ளியை நகர்த்தி வைக்கும். டாக்டரம்மா அக்காவின் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இவங்க இப்படிக் கண்டுபிடிச்சிட்டே இருந்தா நம்மால் ஆரம்பிக்கவே முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவைத் தைத்தது. கோபப்பட்டிருந்தால் எழுதிக் கொடுத்த முறைப்படிதான் கலக்கினேன் என்று சொல்லியிருப்பார். தண்ணீர், இரண்டு வகைச் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், சாயம், எசன்ஸ். ஐந்துக்கும் நோட்டில் ஐந்து கட்டம் அச்சடித்திருந்தது. ஐந்தையும் எப்படி மாற்றிக் கலந்தாலும் இனிப்பும் புளிப்பும் வந்தன. அந்தப் பிடிப்பு, அந்தத் துவர்ப்பு, வரவே இல்லை.

வந்தது வீட்டில், ஒரு மாலை வேளையில். கணவர் டீ போடும் விதம் எளிமையானது: தூளைப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஞாபகம் வரும்போது இறக்குவார். பால் தீர்ந்து போயிருந்த அன்று, அந்தக் கறுப்புத் திரவத்தில் ஒரு வாய் குடித்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். கன்னத்தின் உள்பக்கம் சுருங்கியது. நாக்கை யாரோ மெல்லப் பிடித்து இழுத்தார்கள்.

“ஏன், சர்க்கரை பத்தலையா?” என்றார் கணவர்.

அக்கா விரலை உயர்த்திப் பேசாமல் இருக்கச் சொன்னார். வாயில் வைத்தபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தான் என்ன தப்புச் செய்தோம் என்று கணவர் ஆரம்பத்திலிருந்து யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாளிலிருந்து அக்காவின் பையில் ஒரு ஃப்ளாஸ்க் வந்தது. கட்டி டிகாஷன், ஆறவைத்து, தூள் போக இரண்டு தடவை துணியில் வடித்தது; வாசனையை எசன்ஸ் மூடிவிடும். ஒரு பாட்டிலுக்கு நான்கு பெரிய ஸ்பூன். மறுபடி பத்துப் பேரை வைத்துப் பார்த்ததில் ஐந்து பேர் சரி, ஐந்து பேர் தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். பீரோக்காரர் இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, டூப்பைத் தூக்கிக்காட்டி, இதுதான் பழம், அது ஏதோ மருந்து என்று தீர்ப்புச் சொன்னார். டாக்டரம்மா படியிறங்கி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, எப்படிக்கா பண்ணீங்க என்று கேட்டார். முகத்தில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம்.

“கைப்பக்குவம்தான் டாக்டர்,” என்றார் அக்கா.

சமையலறையில் இந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. டாக்டரம்மாவும் கேட்கவில்லை. அக்காவும் மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. நோட்டில் ஐந்து கட்டம்தான் இருந்தது. டீக்குக் கட்டம் இல்லை. போதாததற்கு, டூப்பில் போடுவதெல்லாம் டூப்தானே என்று அவருக்கு ஒரு எண்ணம். சாயம் ஒன்றும் செய்யாது, எசன்ஸ் ஒன்றும் செய்யாது, டீ மட்டும் என்ன செய்துவிடப் போகிறது? அது ருசி. ருசி ஒரு பொருளா என்ன?

அதன் பிறகு ஒன்றரை வருடம் ஓடியது. ஓடியது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது கசிந்தது. காலையில் பழக்கூடைகள் வரும். அக்கா பழத்தைக் குறுக்கே வெட்டி, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் கவிழ்த்து, முதுகில் மரக்கரண்டியால் தட்டுவார். முத்துகள் மூழ்கும், வெள்ளைத் தோல் மிதக்கும். தட்டுகிற சத்தமும் படியில் இறங்குகிற காலடிச் சத்தமும் எப்போதாவது ஒன்று சேரும். சேர்ந்து கொஞ்ச தூரம் போய்ப் பிரியும். சிவப்புக்குள் கையை விட்டபடி கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். ஒரு ஆசிரியர் இறங்குவார், ஒரு தபால்காரம்மா இறங்குவார், யாரோ ஒரு மணமகன் திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இறங்குவார். எல்லோருக்கும் எண்தான். ஐம்பத்தொன்று இன்று முழங்காலைப் பிடிக்கிறார், அறுபத்தேழு எண்ணிக்கொண்டே இறங்குகிறார். மதியம் வெயில் படியில் சாய்ந்து விழும்போது, மேசையில் வரிசையாக நிற்கும் பாட்டில்கள் அனைத்தும் ஒரே மாதிரி எரியும், அசலும் டூப்பும் பக்கம் பக்கமாக. அந்த நேரத்தில் தன் டூப்பை அக்கா கொஞ்சம் கூடுதல் பிரியத்தோடு பார்ப்பார். மாதுளையை மரம் செய்தது. இதை அவர் செய்தார்.

தொண்ணூற்றாறு பேர் இறங்கி முடித்த மறுவாரம் உறையைப் பிரித்தார்கள். எல்லோரும் ஒன்பதாவது மாடியில் கூடினார்கள், அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் இரண்டு கோடுகள் வர வேண்டும்: சாறு குடித்தவர்களின் வலி ஒன்று, டூப் குடித்தவர்களின் வலி ஒன்று. ஒரு கோடுதான் வந்தது. யாரோ கணினியை அணைத்துப் போட்டார்கள். மறுபடி ஒரு கோடு. நெருங்கிப் பார்த்தபோதுதான் அது இரண்டு கோடு என்பது தெரிந்தது. ஒரே போர்வைக்குள் படுத்துத் தூங்கும் இரண்டு பேர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது, காலின் பலமும் அதையே சொன்னது.

“சரி,” என்றார் டாக்டரம்மா. “பழம் ஒண்ணும் பண்ணல. அதுவும் ஒரு பதில்தான்.”

ஆராய்ச்சிக்கு வந்த மாணவி ஒருத்தி, பழத்தில் உள்ள வேறு ஏதாவது சத்தைத் தனியாகக் கொடுத்துப் பார்க்கலாமே என்று இழுத்தாள். டாக்டரம்மா மறுத்துத் தலையாட்டினார். மாதுளையில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இருக்கிறதே, அதுதான் ஆன்டிஆக்சிடன்ட், அதுதான் மொத்தச் சரக்கும். அதுவே ஒன்றும் செய்யவில்லை என்றால் வேறு எதுவும் செய்யப் போவதில்லை என்றார். கட்டுரை எழுதி அனுப்பிவிடலாம், அடுத்து முதியவர்களை வைத்துச் செய்வதாக இருந்ததைக் கைவிட்டுவிடலாம், ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

துவர்ப்புதான் சரக்கு என்ற வார்த்தை அக்காவின் காதுக்குள் விழுந்து, மூழ்காமல் மிதந்தது. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டீத்தூள் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினார். அதன் பின்பக்கம் அவர் அதுவரை படித்ததில்லை. கீழ் மூலையில், ஒரு இலைப் படத்துக்குப் பக்கத்தில், ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது என்று போட்டிருந்தது. பாக்கெட்காரன் எதையும்தான் எழுதுவான். ஆனால் நாக்குப் பொய் சொல்லாது. இரண்டிலும் ஒரே துவர்ப்பு. அப்படியென்றால் இரண்டிலும் அதே வகைச் சரக்கு.

முதல் நாள் அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போய், காலி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். மாலையில் ஏதோ லேசாக முனகியது. இரண்டாம் நாள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. படியே இறங்காமல் இந்த வலி எப்படி வந்தது என்று கணவர் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார். அவர் பேருந்துச் சாவியை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“சொன்னா வேலை போயிடும்ங்க,” என்றார் அக்கா.

“சொல்லலன்னா?”

“பழத்து மேல பழி விழும்.”

“பழம் வந்து கேஸ் போடப் போவுதா?”

“டாக்டர் பேர்ல தப்பு அச்சாகும். அந்தம்மா எம்மேல ஒரு வார்த்தை சந்தேகப்பட்டதில்ல. கைப்பக்குவம்னு சொன்னேன், நம்பிட்டாங்க.”

கணவர் சாவியை நிறுத்தினார். “அந்த டீ யாரு டீ? உன்னுதா, என்னுதா?”

“உங்க முறையில போட்டதுதான்.”

“அப்ப நானும் குற்றவாளிதான். லீவு போட்டுட்டுக் கூட வரட்டுமா?”

வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். போனால் தனியாகப் போக வேண்டும் என்பதைவிட, கூட வந்தால் இவர் அங்கேயும் டீ போட்டுத் தருகிறேன் என்பாரோ என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அன்று பார்த்து லிஃப்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஒன்பது வரை அக்கா நடந்தே ஏறினார். ஏறும்போது சொல்ல வேண்டியதை அழகாக அடுக்கிக்கொண்டே போனார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லாததால் அடுக்கியதில் பாதி உதிர்ந்துவிட்டது.

“டாக்டர், டூப்ல டீ போட்டேன்.”

டாக்டரம்மா முதலில் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அக்கா குடிக்கவில்லை.

“என்ன போட்டீங்க?”

“டீ. கட்டி டிகாஷன். பாட்டிலுக்கு நாலு பெரிய ஸ்பூன்.”

“எப்பலருந்து?”

“கைப்பக்குவம்னு சொன்னேனே, அன்னிலருந்து.”

“தொண்ணூத்தாறு பேருக்கும்?”

“பாதிப் பேருக்கு. நாப்பத்தெட்டு. அசல்ல நான் கையே வைக்கல.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தூக்கத்திலிருந்து பாதியில் எழுப்பப்பட்ட ஒருவரின் முகம். ஜன்னலுக்கு வெளியே மேகம் ஒன்று ஒன்பதாவது மாடி உயரத்தில் எங்கேயும் போகாமல் நின்றது.

“ஏன்க்கா?” என்றார் கடைசியில்.

“துவர்ப்பு இல்லாம இருந்துச்சு. கண்டுபிடிச்சுடறாங்கன்னு நீங்க வருத்தப்பட்டீங்க. ருசியை மட்டும்தானே எடுத்து வைக்கறோம்னு நினைச்சேன்.”

டாக்டரம்மா சிரித்த மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை. “சரக்கை விட்டுட்டு ருசியை மட்டும் தனியா எடுத்துடலாம்னுதான் நானும் நினைச்சேன். துவர்ப்பே இல்லாம மாதுளை மாதிரி செய்யுங்கன்னு உங்ககிட்ட சொன்னது நான்தான். அசல் மாதிரி இருக்கணும், ஆனா அசலா இருக்கக் கூடாது. எந்த மனுஷி செய்வா அதை?”

ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு பாட்டில் உறையவைத்து எடுத்து வைப்பது அங்கே முறை. அவற்றை எடுத்துப் பரிசோதித்தார்கள். டூப்பில், சாற்றில் இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலாகவே சரக்கு இருந்தது. அக்கா முடிவைக் கேட்கப் போனபோது டாக்டரம்மா வெகு நிதானமாக இருந்தார்.

“அப்ப பழம் வேலை செஞ்சுதா டாக்டர்?”

“தெரியாது.”

“டீ?”

“தெரியாது. ரெண்டும் செஞ்சிருக்கலாம். ரெண்டுமே ஒண்ணும் பண்ணாம இருந்திருக்கலாம். போன வாரம் வரைக்கும் இல்லைன்னு நல்லாத் தெரிஞ்சிருந்துது. இப்ப அதுவும் போச்சு.”

இதைச் சொல்லும்போது அவர் முகம் உறை பிரித்த நாளில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்ததை அக்கா கவனித்தார். படித்தவர்களின் சந்தோஷம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

விசாரிக்க ஐந்து பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. யாராவது சொல்லிச் செய்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார் அக்கா. எழுதாமல் விட்டது ஏன் என்று கேட்டார்கள். கட்டம் இல்லை என்றார். ஒருவர் நோட்டை வாங்கிப் புரட்டி, உண்மைதான், கட்டம் இல்லை என்று மற்றவர்களிடம் காட்டினார். இன்னொருவர் இரண்டு பானத்தையும் கொண்டுவரச் சொன்னார். ஐந்து பேரும் குடித்துப் பார்த்துத் தனித்தனியாகச் சீட்டில் எழுதினார்கள். நான்கு சீட்டில் தப்பு. ஒருவர் தன் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாட்டில்கள் வெயிலில் சிவந்துகொண்டிருந்தன.

தீர்ப்பு இப்படி வந்தது. இந்த முடிவுகளை வைத்துக் கட்டுரை எழுதக் கூடாது. பாதி ஆட்களை வைத்து மறுபடி செய்து பார்க்கலாம். கலவையில் முன்பு ஈடுபட்டவர் இனி கலவையில் கை வைக்கக் கூடாது; அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்க வேண்டும். அலுவலகத்தில் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது அப்படி ஒரு பதவியே இல்லை என்பது தெரியவந்தது. சம்பளப் பதிவேட்டில் அக்கா இத்தனை வருடமும் துப்புரவுப் பணியாளர், இரண்டாம் நிலை. இல்லாத பதவியிலிருந்து ஒருவரை நீக்க விதியில் இடம் இல்லை. அதனால் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். துடைப்பம் மட்டும் புதிதாக வந்தது.

கலப்பது இப்போது அந்த மாணவியின் பொறுப்பு. அவளுக்கு வேதியியல் நன்றாகத் தெரியும், நோட்டில் புதிதாக இருபது கட்டம் போட்டிருந்தாள். துவர்க்க வேண்டும், ஆனால் துவர்ப்பில் சரக்கு இருக்கக் கூடாது. மூன்று வாரம் போராடினாள். பீரோக்காரரை மறுபடி வரவழைத்துக் கொடுத்தபோது, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அந்த அக்கா செத்துகித்துப் போயிட்டாங்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

டாக்டரம்மா மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்தார். அக்கா படியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கை வேண்டாம்க்கா. கையை வைக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “நாக்கைப் பத்தி ஒண்ணும் எழுதல.”

அப்படித்தான் அக்கா மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டார். மாணவி ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுவர வேண்டும். அக்கா ருசி பார்த்து, கண்ணை மூடி, சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். முதலாவது இல்லை. நான்காவது இல்லை. ஒன்பதாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். கைக்கு வேலை இல்லாத அந்த மதியங்களில் நாக்கு மட்டும் தனியாக எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவது போல இருந்தது: இனிப்புக்குள் இறங்கி, புளிப்பைக் கடந்து, ஒன்றும் இல்லாத ஒரு வெளியில் கொஞ்ச நேரம் நின்று.

பன்னிரண்டாவது வாய்க்குள் போனதும் கன்னத்தின் உள்பக்கம் சுருங்கியது. அக்கா கண்ணைத் திறக்க வெகுநேரம் பிடித்தது. கதவருகே டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

“இது டூப்னு எனக்குத் தெரியும்,” என்றார் அக்கா. “பீரோக்காரருக்குத் தெரியாது.”

மாணவியின் முகம் மலர்ந்தது. டாக்டரம்மா மட்டும் அசையவில்லை. இதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். தன் தவறுக்காக வைத்த பரீட்சை இது என்பது அக்காவுக்குப் புரிந்தது. இதில் தோற்றால் நாக்கும் வெளியே போய்விடும். மெல்ல விரல் விடாமல் எண்ணினார்: தண்ணீர், இரண்டு சர்க்கரை, அமிலம், எசன்ஸ், அப்புறம் அந்தப் பிடிப்புக்குப் படிகாரம், சிட்டிகையில் பாதிகூட இருக்காது. மாணவி ஒவ்வொன்றுக்கும் நோட்டில் விரலை நகர்த்தினாள். சாயத்துக்கு ருசி இல்லை, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்றார் அக்கா. மாணவி சிரித்துக்கொண்டே நோட்டை மூடினாள்.

“உப்பு,” என்றார் அக்கா.

மாணவி நிமிர்ந்தாள்.

“ஒரே ஒரு துளி. கடைசியில போட்டது.”

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பிரித்தார். இருபது கட்டத்திலும் உப்பு இல்லை. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளே தரையைப் பார்த்துக்கொண்டு, படிகாரம் கொஞ்சம் தனியாகத் தெரிந்தது, சேர்ந்து வரட்டும் என்று ருசிக்காகத்தான் என்றாள். குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. “உப்பு ஒண்ணும் பண்ணாது டாக்டர்.”

“டீயும் ஒண்ணும் பண்ணாதுன்னுதான் நானும் இருந்தேன்மா,” என்றார் அக்கா.

டாக்டரம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பன்னிரண்டாவதை அவரே எடுத்து சிங்கில் ஊற்றினார். சிவப்பு சுழன்று சுழன்று, அவசரமில்லாமல், இறங்கிப் போனது. மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு, கைகளை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, பதின்மூன்றாவதற்குக் காத்திருந்தார்.